வெள்ளம் ஏறிய தரைத்தள ஃபிளாட்: முதல் முதலீடாக வாங்கலாமா?

கேட்டது சுருக்கமாக இதுதான். வயது 29, ஐ.டி. வேலை, கையில் 18 லட்சம். வேளச்சேரியில் 2004-ல் கட்டிய அடுக்ககம், தரைத்தளமும் இரண்டு மாடியும், மொத்தம் 6 வீடு. அதில் தரைத்தளத்து வீடு ஒன்று விலைக்கு வருகிறது. 860 சதுர அடி, இரண்டு படுக்கையறை, யுடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, 480 சதுர அடி. 46 லட்சம் சொல்கிறார்கள். அதே கட்டடத்தில் முதல் மாடி வீடு 60 லட்சத்துக்குப் போயிருக்கிறது. ஹால் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, பாத்ரூம் சீலிங்கில் கம்பி வெளியே தெரிகிறது, 2023 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததை விற்பவரே ஒப்புக்கொள்கிறார். "5 லட்சத்தில் சரி செய்து 16,000 வாடகைக்கு விட்டால் 14 லட்சம் மிச்சம்தானே? நான் இதற்குப் புதிது, வாங்கலாமா?"

46 லட்சத்துக்கு வேண்டாம். வேறு விலையில், சில விஷயங்கள் சரியாக இருந்தால், யோசிக்கலாம். கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை தருவது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் பட்ட வீடு என்று கேட்டதுமே ஓடத் தேவையில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுக் குழாய் கசிந்து சுவர் ஊறியிருந்தால் உடைத்து மாற்றினால் தீர்ந்தது. அந்த மாதிரி வீட்டைப் பேரம் பேசி சந்தோஷமாக வாங்கலாம். மொட்டை மாடி ஒழுகினால் ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து செலவு செய்ய வேண்டும். மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகினால் மேல் வீட்டுக்காரர் மனது வைக்க வேண்டும். தெருவிலிருந்து தண்ணீர் ஏறினால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் சொன்ன வீட்டில் இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கின்றன, அந்த இரண்டுமே உங்கள் கையில் இல்லாதவை.

முதலில் வெள்ளம். வேளச்சேரியில் தண்ணீர் நின்றது 2023-ல் மட்டும் இல்லை. 2005-ல் நின்றது, 2015 டிசம்பரில் நின்றது, 2021 நவம்பர் மழையில் பல தெருக்களில் நின்றது, மிக்ஜாம் புயலில் மறுபடியும் நின்றது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் தாழ்வான பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கித்தான் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர வேண்டும். சதுப்பு நிலம் பல பத்தாண்டுகளாகச் சுருங்கி வந்திருக்கிறது. 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்ததால் மிச்சம் இருப்பதற்கு ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். போன இடம் திரும்பி வராது. அதனால் "இப்போது மழைநீர் வடிகால் போட்டுவிட்டார்கள் சார், இனிமேல் வராது" என்று புரோக்கர் சொன்னால் அதை விலையில் சேர்க்காதீர்கள். வடிகால் உண்மையாகவே சில தெருக்களில் உதவியிருக்கிறது. ஆனால் கடல் மட்டம் ஏறி முகத்துவாரத்தில் தண்ணீர் வாங்காத நாளில் எந்த வடிகாலும் நிறைந்துதான் நிற்கும்.

ஆனால் வேளச்சேரி முழுக்க ஒரே மட்டமும் இல்லை. ஒரு தெருவில் இடுப்பளவு, இரண்டு தெரு தள்ளி வாசல்படியோடு நின்றுவிடும். எனவே ஏரியாவின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் அந்தக் கட்டடத்தின் மட்டத்தைப் பாருங்கள். சாலையை விட வீட்டுத் தரை எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது? 2004-ல் கட்டியபோது இரண்டடி உயரத்தில் இருந்த வீடு, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால் இன்று சாலைக்குச் சமமாகவோ கீழேயோ போயிருக்கும். சென்னையின் பழைய பகுதிகளில் இது சர்வசாதாரணம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படிச் செய்தார்களா என்பதை வாசல்படியே சொல்லிவிடும்.

தனி வீடு என்றால் ஜாக்கி வைத்துக் கட்டடத்தையே நாலைந்து அடி தூக்கும் வழி இருக்கிறது, சென்னையில் பலர் செய்திருக்கிறார்கள். அடுக்ககத்தில் உங்கள் ஒரு வீட்டுக்காக அதைச் செய்ய முடியாது. மேல் மாடிக்காரர்களுக்கு அதில் ஒரு ரூபாய் போடவும் மனது வராது. தண்ணீர் வருவது அவர்கள் வீட்டுக்கு இல்லையே.

விற்பவர் முழங்கால் அளவு என்கிறார். ஒப்புக்கொண்ட மட்டில் நல்லவர்தான். ஆனால் அளவைச் சுவரிடம் கேளுங்கள். உள்ளே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அங்கே ஒன்றும் தெரியாது. மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தில், சமையல் மேடைக்குக் கீழே பாருங்கள். அந்த இடங்களில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, வெள்ளக் கோடு அப்படியே இருக்கும். மரக் கதவு நிலைகளின் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா? பாத்ரூமில் மட்டும் இல்லாமல் படுக்கையறைக் கதவும் பிளாஸ்டிக்காக மாறியிருக்கிறதா? பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் நெஞ்சளவுக்கு ஏற்றப்பட்டிருக்கின்றனவா? அப்படி ஏற்றியிருந்தால் அங்கே வாழ்ந்தவர்கள் தண்ணீர் மறுபடியும் வரும் என்று எதிர்பார்த்தார்கள் என்று பொருள். ஹாலில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஈரச் சுவரை மறைக்க எளிய வழி அது. பிரச்சினை என்னவென்றால், டைல்ஸ் அடைத்ததும் உள்ளே ஏறும் ஈரத்துக்குக் காய வழியில்லாமல் போய் இன்னும் மேலே ஏறும். டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதுதான் விஷயம்.

பக்கத்தில் இஸ்திரி போடுபவர், ஆவின் பூத்துக்காரர், எதிர்வீட்டுத் தரைத்தளத்துப் பெரியவர் இவர்களிடம் பேசுங்கள். "எவ்வளவு தண்ணீர்?" என்பதோடு "எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்றும் கேளுங்கள். ஆறு மணி நேரத்தில் வடிந்த மழைநீர் வேறு, சாக்கடையோடு கலந்து நான்கு நாள் நின்ற தண்ணீர் வேறு. நிறைய வீடுகளில் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறைப் பீங்கான் வழியாகத் தண்ணீர் பொங்கி ஏறும். தெருச் சாக்கடை நிறைந்து பின்னோக்கித் தள்ளுவதால் வருவது. இந்த ஒன்றுக்கு மட்டும் மருந்து உண்டு: வெளியே போகும் கழிவுநீர்க் குழாயில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வைக்கலாம். சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் குடிநீரிலும் அதே சாக்கடை கலந்திருக்கும், அதையும் பாருங்கள்.

இன்னொரு சுலபமான சோதனை: விற்பவரிடம் மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த பில் கணக்குகளைப் பாருங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு எத்தனை பில் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கிறது? அத்தனை காலம் வீடு காலியாகக் கிடந்தது. "எப்போதும் ஆள் இருந்துகொண்டே இருக்கும்" என்ற பேச்சை இதைவிட நன்றாகச் சரிபார்க்க முடியாது.

சரி, இப்போது கட்டடம். வெள்ளம் ஒருமுறை வந்து போனதால் மட்டும் நல்ல கான்கிரீட் கெட்டுவிடாது. சிமெண்டும் செங்கலும் நனைந்து காயும். கெடுப்பவை நீண்ட கால ஈரமும் உப்பும்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கும். அப்புறம் ஈரம் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழுகிறது. அதனால் கம்பி வெளியே தெரியும் இடத்தை விட, கம்பியின் நீளத்துக்கு நேர்கோடாக விரிசல் விட்டிருக்கும் இடங்களுக்கு நான் அதிகம் பயப்படுவேன். தூண்களின் மூலை ஓரமாக, தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள், செங்குத்தாக ஓடும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பூச்சு விரிசலாக இருந்தால் வலைபோலக் கிளைத்து மெல்லியதாக இருக்கும். கம்பியோடு ஓடும் விரிசல் ஒரே கோடாக இருக்கும், சிறிய சுத்தியலால் தட்டினால் பக்கத்தில் பொள்ளென்று ஒலிக்கும்.

தூணில் அது இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தூண் ஆறு வீட்டுக்கும் பொது. அதைப் பலப்படுத்த எல்லோரும் ஒத்துக்கொண்டு, முட்டுக் கொடுத்து, புதுக் கம்பி சுற்றி, கான்கிரீட் போட வேண்டும். புதிதாக வருபவர் முதல் கூட்டத்திலேயே இதை ஆரம்பித்து ஐந்து பேரைச் சம்மதிக்க வைப்பது நடக்கிற காரியமில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துப் போங்கள். விற்பவரின் ஆளாகவோ புரோக்கரின் ஆளாகவோ இருக்கக் கூடாது. கான்கிரீட்டின் தரத்தைப் பார்க்க ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, கம்பித் துருவைக் கண்டறியும் ஹாஃப்-செல் சோதனை என்று இருக்கின்றன. எல்லாவற்றிலும் எளியது, உடைத்த கான்கிரீட்டில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பது. இளஞ்சிவப்பாக மாறினால் காரத்தன்மை உயிரோடு இருக்கிறது. நிறமே மாறாத பகுதி கம்பி வரைக்கும் போயிருந்தால் அந்தக் கம்பிக்கு இனிக் காவல் இல்லை. இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு உங்கள் பத்திரச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இனி உங்கள் பாத்ரூம் சீலிங். சென்னை அடுக்ககங்களில் பாத்ரூம் தளத்தை ஓரடி போலப் பள்ளமாக இறக்கி, அதற்குள் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டுகளைக் கொட்டி மூடி மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதுதான். டைல்ஸ் இடுக்கிலோ குழாய் மூட்டிலோ கசிந்தால் அந்தப் பள்ளம் தொட்டி மாதிரி வருடக்கணக்கில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். கீழ் வீட்டு சீலிங்கில் கம்பி துருப்பிடிப்பது அதனால்தான். உங்கள் பக்கமிருந்து துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சடித்து, பாலிமர் கலவை வைத்துப் பூசி விடலாம். பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் மேலே தண்ணீர் தேங்கியிருக்கும் வரை இரண்டு மழைக்காலம் கூடத் தாங்காது. நிரந்தர வேலை என்றால் மேல் வீட்டு பாத்ரூமை முழுதாக உடைத்து, கொட்டியதை அள்ளி, புதுக் குழாய் போட்டு, நீர்க்காப்புப் பூச்சடித்து, தண்ணீர் நிறுத்திச் சோதித்து மூட வேண்டும். அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் ஒற்றை பாத்ரூமில் காலம் தள்ள வேண்டும். யாருக்காக? கீழ் வீட்டை வாடகைக்கு விடப்போகும் உங்களுக்காக. சட்டப்படி நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், நடைமுறையில் கெஞ்சல்தான். அதனால் இந்த வேலையைப் பத்திரப் பதிவுக்கு முன்பே விற்பவர் செய்து முடிக்க வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இத்தனை வருடம் மேல் வீட்டாரோடு பழகியவர் அவர். அவராலேயே முடியவில்லை என்றால் உங்களால் எப்படி முடியும்?

ஹால் சுவர் உப்புக்கு வருவோம். நீங்கள் வாங்கிய 5 லட்சம் எஸ்டிமேட்டில் "வாட்டர்ப்ரூஃப் புட்டி, இரண்டு கோட் பெயின்ட்" என்று எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போடலாம். பூச்சைச் செங்கல் தெரியும் வரை, ஈரக் கோட்டுக்கு மேலேயும் ஓரிரு அடி உரித்து, காயவிட வேண்டும். நின்று ஊறிய ஒன்பது அங்குலச் சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். சித்திரை வெயிலில் கொஞ்சம் வேகமாக ஆகும், ஐப்பசியில் ஆகவே ஆகாது. காய்ந்த பிறகு அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்க ரசாயனம் செலுத்திவிட்டுத்தான் மறுபூச்சு. இந்தக் காத்திருப்பைக் காண்ட்ராக்டர் சொல்ல மாட்டார், அவருக்கு மூன்று வாரத்தில் பில் வேண்டும். நீங்கள்தான் அதை வாடகை வராத மாதங்களாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதோடு வயரிங். வெள்ளம் ஏறிய வீட்டில் பழைய வயரை நம்பக் கூடாது. தரையோடு ஓடும் குழாய்களை விட்டுவிட்டு மேலிருந்து இறக்கி, புது வயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வையுங்கள். இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். நாம் அங்கே வாழப் போவதில்லை, வாடகைக்குத்தானே என்ற நினைப்பு முதல் முறை வாங்குபவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். அங்கே குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கப் போகிறது. பூஞ்சை பிடித்த சுவரும் ஷாக் அடிக்கும் சுவிட்சும் அவர்களுக்கு. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படியும் கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகளைப் பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அதில் தரைத்தளம் என்னவாகக் காட்டப்பட்டிருக்கிறது? அந்தக் காலக் கட்டடங்களில் வரைபடத்தில் கார் நிறுத்துமிடமாகக் காட்டிவிட்டு நேரில் வீடு கட்டி விற்றது நிறைய. வரைபடத்தில் 4 வீடு, நேரில் 6 வீடு என்பதும் உண்டு. உங்களுடைய வீடு தரைத்தளம் என்பதால் சந்தேகம் இன்னும் அதிகம். அப்படி இருந்தால் வங்கிக் கடன் கிடைப்பதே சிக்கல், நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதே சிக்கல். கூடவே அந்த சர்வே எண் பழைய வருவாய்ப் பதிவேட்டில் ஏரி, நீர்நிலைப் புறம்போக்கு எதிலாவது வருகிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் இது தனியாகப் பார்க்க வேண்டியது. ஏற்கெனவே யாராவது குடியிருந்தால் அவர் மாத வாடகையா, பெரிய தொகை கொடுத்து லீஸுக்கு இருப்பவரா என்றும் கேளுங்கள். அந்தத் தொகையைத் திருப்பித் தரும் சுமை உங்கள் தலையில் விழக் கூடாது.

மறைத்த குறையைப் பிறகு கண்டுபிடித்து வழக்குப் போடலாமே என்பீர்கள். சாதாரணக் கவனத்தில் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது, உண்மைதான். ஆனால் இங்கே அவர் சொல்லிவிட்டார், மீதியை உங்கள் கண்ணே பார்த்துவிட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் ஐந்தாண்டுப் பொறுப்பு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கானது, மறுவிற்பனைக்கு உதவாது.

கணக்குக்கு வருகிறேன், உண்மையில் என்னை "வேண்டாம்" என்று சொல்ல வைத்தது இதுதான். 46 லட்சத்தோடு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 4.14 லட்சம். (விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்.) பழுது 5 லட்சம் என்று உங்கள் எண்ணையே வைத்துக்கொள்கிறேன். வழக்கறிஞர், இன்ஜினீயர், கடன் செயலாக்கம் எல்லாம் 60,000. மொத்தம் 55.75 லட்சத்தைத் தொடுகிறது. மாதம் 16,000 வாடகையில் வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் 1.76 லட்சம். சொத்துவரி, காப்பீடு, சில்லறை ரிப்பேர் 20,000 போனால் 1.56 லட்சம். போட்ட பணத்துக்கு 2.8 சதவீதம். அதே கட்டடத்து முதல் மாடி வீட்டை 60 லட்சத்துக்கு வாங்கி, பதிவும் சில்லறையும் சேர்த்து 66 லட்சம் ஆனாலும், 20,000 வாடகைக்கு விட்டால் 3 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வேலையும் இல்லை, வெள்ளமும் இல்லை. இதில் இன்னும் ஒரு வெள்ளத்தைக் கூட நான் சேர்க்கவில்லை. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்து, ஒவ்வொரு முறையும் இரண்டு லட்சம் செலவும் மூன்று மாத வாடகை நஷ்டமும் என்றால் வருடத்துக்கு 40,000-க்கு மேல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அப்போது 2 சதவீதத்துக்கு வந்துவிடும். உங்கள் 14 லட்ச மிச்சம் இப்படித்தான் கரைகிறது.

அடுத்தது கையில் உள்ள பணம். இந்த விலைக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம், ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார். அவர் கண்ணுக்கும் சீலிங் கம்பி தெரியும். 40 லட்சம் என்று அவர் எழுதினால் கடன் 32 லட்சம்தான். மீதி 14 லட்சம், பதிவு 4.14, பழுது 5, சில்லறை 0.60: கிட்டத்தட்ட 24 லட்சம் ரொக்கமாக வேண்டும். உங்களிடம் இருப்பது 18. அந்த 6 லட்சத்தைத் தனிநபர் கடனில் புரட்டுவீர்கள், அங்கேதான் முதல் முறை வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது. 32 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 வருடத் தவணை மாதம் 27,800 வரும். வாடகை 16,000. வாடகையே வராத முதல் ஆறு மாதத்தை உங்கள் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள்.

அப்படியானால் இதை யார்தான் வாங்குவார்கள்? நிலத்துக்காக வாங்குபவர்கள். சதுர அடி 8,000 என்று வைத்தால் 480 சதுர அடி பிரிக்கப்படாத பங்கு 38.4 லட்சம். (உங்கள் தெருவின் உண்மை விலையை விசாரித்து அந்த எண்ணைப் போடுங்கள்.) 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்து மறுபடி கட்டலாம். ஆறு வீட்டில் நால்வர். புதுக் கட்டடம் தூண்களின் மேல் எழும்பி, கீழே கார் நிறுத்தம் மட்டும் இருக்கும். வேளச்சேரி வெள்ளத்துக்கு நடைமுறையில் அதுவே பதில். மற்ற உரிமையாளர்களில் மூவராவது இதைப் பற்றி ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தால், பில்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தால், இந்தக் கதையே வேறு. ஆனால் அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை தாங்கக் கூடிய, கடன் இல்லாத பணம் வேண்டும். உங்கள் நிலை அது இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும் அந்த வீட்டின் மேல் ஆசை இருந்தால், என் விலை 38 லட்சம். கட்டடத்துக்குப் பூஜ்ஜியம், நிலத்துக்கு மட்டும் விலை. அதுவும் வரைபடத்தில் அது வீடாகவே இருந்து, தூண்களில் துரு இல்லாமல், மேல் வீட்டு பாத்ரூம் வேலை பதிவுக்கு முன் முடிந்தால்தான். வாங்கினால் முதல் நாளே வீட்டுக் காப்பீடு எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். மெதுவாக ஊறும் கசிவுக்கு அதில் பணம் வராது.

இன்னும் ஒரு யோசனை. முன்பணம் கொடுக்க விற்பவர் அவசரப்படுத்துவார், கொடுக்காதீர்கள். இப்போது வெயில் காலம் என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை இழுத்தடியுங்கள். நல்ல மழை இரண்டு மணி நேரம் பெய்த மறுநாள் காலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போனால் போகட்டும். அதே ஏரியாவில், முதல் மாடியில், மொட்டை மாடி கசிவாலோ சொந்தக் குழாய்க் கசிவாலோ அசிங்கமாகத் தெரிகிற வீடு ஏதாவது வந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் 18 லட்சத்துக்கு ஏற்ற விலையில் அப்படி ஒன்று கிடைத்தால் அதை வாங்கச் சொல்வேன்.